ஒரே இயந்திரம், இரண்டு கணக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, நான்தான் பதில் போடாமல் இழுத்துவிட்டேன். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம், பெரியவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதில் வீடுதான் கொஞ்சம் வெறிச்சென்று கிடக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டையும் சூடாக்கிக் குளிக்க வெந்நீரும் தருகிற ஹீட் பம்பைச் சில வீடுகளில் வைத்துச் சோதிக்கப் போகிறோம், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் என்று வருஷத்துக்கு ஓர் எண் எடுத்தால் போதாதா என்று எழுதியிருந்தாய். போதாதுப்பா. தரைக்கடியில் குழாய் பதித்த வீட்டைச் சூடாக்க 35 டிகிரித் தண்ணீரே போதும், வெந்நீர் டேங்குக்கோ 50, 55 வேண்டும், வெளிக்காற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் கூடக் கூட கம்ப்ரசர் அதிக மின்சாரம் குடிக்கும். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகப் போட்டால், நல்ல இன்சுலேஷன் போட்டு நாலு பேர் தினமும் குளிக்கிற வீட்டின் இயந்திரம் மட்டமாகத் தெரியும், ஜன்னல் இடுக்கில் காற்று புகுந்து நாளெல்லாம் ஹீட்டிங் ஓடுகிற வீட்டினுடையது பிரமாதமாகத் தெரியும். இயந்திரம் அதேதான்! தனித்தனியாகவே எழுது.

அடுத்தது, வெந்நீரை எங்கே அளக்கப் போகிறாய்? டேங்குக்குள் போகிற வெப்பம் வேறு, குழாயில் வந்து விழுகிற வெப்பம் வேறு. வீட்டில் ஆளே இல்லாவிட்டாலும் டேங்க் ஆறிக்கொண்டும் சூடேறிக்கொண்டும்தான் இருக்கும், உள்ளே போவதை மட்டும் பார்த்தால் அந்த வீண் வெப்பமும் வேலையாகக் கணக்கில் ஏறிவிடும். இரண்டு இடத்திலும் அள. அதுவும், அவ்வப்போது வெப்பநிலையை மட்டும் குறித்து வைத்தால் கை கழுவுகிற அரை நிமிஷம் சிக்கவே சிக்காது.

சென்சாரில் காசு மிச்சம் பிடிக்காதே. ஹீட்டிங்குக்குப் போகிற தண்ணீருக்கும் திரும்பி வருகிற தண்ணீருக்கும் பெரும்பாலும் 5 டிகிரிதான் வித்தியாசம், அதில் அரை டிகிரி பிசகினால் வெப்பக் கணக்கில் 10 சதவீதம் போச்சு. குழாயில் தண்ணீர் உறையாமலிருக்க கிளைகால் (glycol) என்ற திரவம் கலந்திருந்தால் வெறும் தண்ணீருக்கான சூத்திரம் செல்லாது. உள்ளே ஒளிந்திருக்கிற மின்சாரக் கம்பிச்சுருள் ஹீட்டருக்குக் கட்டாயம் தனி மீட்டர் போடு. வெந்நீரில் வளரக்கூடிய லெஜியோனெல்லா கிருமியைக் கொல்ல டேங்கை 60 டிகிரிக்கு ஏற்றும்போது பல வீடுகளில் அதுதான் ஓடுகிறது, விற்பவர்கள் தரும் கணக்கில் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

அறை வெப்பநிலையையும் பதிவு செய். டேங்க் சூடேறுகிற நேரத்தில் பெரும்பாலான இயந்திரங்கள் வீட்டைச் சூடாக்குவதை நிறுத்திவிடும், இயந்திரத்தின் வெளிச்சுருளில் படிந்த பனியை உருக்குகிற வேலையும் அதோடு சேர்ந்துகொண்டால் ஸ்வெட்டரைத் தேட வேண்டியதுதான். வீட்டுக்காரர்கள் குளிர்கிறது என்று சொன்ன நேரத்தையும் குறித்துக்கொள், பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும்.

மீட்டர்களுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் குழாய்ப் படத்தை எனக்கு அனுப்பு, சென்சார் எங்கெங்கே என்று குறித்துத் தருகிறேன். அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி