பெண்கள் கொத்தனாராகக் குழு வேண்டும்: நல வாரியத்திற்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தின் மதிப்பிற்குரிய தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம். 1994இல் வாரியம் அமைந்தது முதல் பதிவும் உதவித்தொகையும் தனித்தனித் தொழிலாளியை வைத்தே வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் கட்டட வேலைக்குப் பெரும்பாலோர் குழுவாகவே வருகிறார்கள். வேலையை ஒப்புக்கொண்ட மேஸ்திரி முதலில் அழைப்பது தம் மைத்துனரையும் ஊர்க்காரரையும்தான். முன்பணம் வாங்கியவர் பாதியில் நின்றுவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்பது மேஸ்திரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாரத்தின் மேல் நிற்பவருக்கும் கீழே நிற்பவர்மீது நம்பிக்கை வேண்டும். இந்த ஏற்பாட்டின் நியாயத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் தொழில் கற்பதும் அதே உறவு வட்டத்துக்குள் நடப்பதால், அதற்கான விலையைப் பெண்கள் கொடுக்கிறார்கள். கையாளாக வரும் பையன் ஓய்வு நேரத்தில் மாமன் கரணையை எடுத்து இரண்டு வரி செங்கல் வைத்துப் பார்க்கிறான், மாமன் தூக்குக்குண்டு போட்டுத் திருத்துகிறார், சில ஆண்டுகளில் அவன் கொத்தனார். அதே இடத்தில் அவனுக்கு முன்பிருந்தே கலவை சுமக்கும் அவன் அத்தை, கலவையின் பதத்தைக் கண்ணாலேயே சொல்லக்கூடியவர், கடைசிவரை சித்தாளாகவே, சித்தாள் கூலியிலேயே இருக்கிறார். இது திறமைக் குறைவால் நேர்வதன்று. அவர் கையில் கரணையைக் கொடுக்க யாருமில்லை என்பதே காரணம்.

பயிற்சிச் சான்றிதழ் மட்டும் இதைத் தீர்க்காது. சான்றிதழோடு வரும் பெண்ணையும் மேஸ்திரி சித்தாளாகத்தான் சேர்ப்பார். கேரள அரசின் பெண்கள் சுய உதவிக்குழுத் திட்டமான குடும்பஸ்ரீ, பெண்களைக் கட்டுமானக் குழுக்களாகவே திரட்டி, பயிற்சி அளித்து, வீடுகளைக் கட்டவைத்தது. கற்றவர்கள் சேர்ந்தே வேலைக்குப் போனதுதான் அதன் பலம் என்று கருதுகிறேன்.

ஆகவே ஒரே ஊரைச் சேர்ந்த, ஒருவரையொருவர் அறிந்த சித்தாள்களைக் குழுவாகப் பதிவு செய்து பயிற்சி அளியுங்கள். ஊரகக் குடிசைவாசிகளுக்கான அரசின் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீடுகள் கட்டப்படுகின்றன. புதுக் குழு முழு வீட்டையும் அடித்தளம் முதல் பூச்சு வரை கற்றுக்கொள்ள ஏற்ற அளவு அது. ஊரக வளர்ச்சித் துறையோடு பேசி, பயனாளிகள் இசையும் இடங்களில் அவ்வீடுகளை இக்குழுக்களுக்குப் பெற்றுத் தாருங்கள். தொடக்கத்தில் அனுபவமுள்ள கொத்தனார் ஒருவர் உடனிருக்க வேண்டும். கட்டுமானச் செலவில் 1 விழுக்காடாகத் திரளும் நல வரியிலிருந்து அவருடைய கூலியை வாரியமே ஏற்க வேண்டும். சுவர் எழுப்பும் நாள்களில் அப்பெண்களுக்குக் கொத்தனார் கூலியே கணக்கிடப்பட வேண்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பணி மேற்பார்வையாளர் ஒருவர்