இன்று மாலை 4.35

ஸ்ரீராமபுரம், பெங்களூரு
5 மே 2018, சனிக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே அம்மா வாங்கிக்கொள்வாள். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். ஜனவரியிலிருந்து அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறது. அதனால் காகிதத்தை எடுத்தேன்.

இப்போது மதியம் இரண்டரை மணி. 4.35-க்குக் கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து, செவ்வாய்க்குப் போகிற நாசாவின் இன்சைட் விண்கலம் புறப்பட வேண்டும். அங்கே அப்போது விடியற்காலை 4.05, உனக்கு மதியம் 1.05. நம் வீட்டில் இப்போதே நாற்காலி போட்டாகிவிட்டது. மாடி வீட்டுப் பிள்ளைகள் மூவரும் வருகிறார்கள். என்னோடு பீன்யா தொழிற்பேட்டையில் வேலை பார்த்த கன்னடக்கார நண்பர் வருகிறார். அம்மா சுண்டலுக்கு ஊறவைத்திருக்கிறாள். வரும் 12-ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல் என்பதால் தெருவில் ஆட்டோவுக்குப் பின் ஆட்டோவாக ஒலிபெருக்கி அலறுகிறது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது. மழை வந்தால் கரண்ட் போய்விடும் என்று எதிர்வீட்டில் கேட்டு யு.பி.எஸ். வாங்கி வைத்திருக்கிறேன்.

2007 ஆகஸ்டில் செவ்வாய்க்கு ஃபீனிக்ஸ் கலம் புறப்பட்டதும் ஒரு சனிக்கிழமைதான், நினைவிருக்கிறதா? நீ பி.யு.சி. இரண்டாம் ஆண்டு. வீட்டில் இணையம் கிடையாது. பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் நாம் இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். படம் நின்று நின்று வந்தது. இன்சைட்டின் உடல் அந்த ஃபீனிக்ஸின் வடிவமைப்பிலிருந்து வந்ததுதான். ஃபீனிக்ஸ் மண்ணைத் தோண்டிப் பனிக்கட்டியைப் பார்த்தது. இது போகிற வேலை வேறு. செவ்வாயின் தரையில் ஒரு நில அதிர்வுமானியை வைத்துவிட்டு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அசையாமல் உட்கார்ந்து கேட்கப்போகிறது.

அதிர்வைக் கேட்பது என்றதும் எனக்குக் கோலார் தங்கவயல்தான் நினைவுக்கு வருகிறது. உன் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. அவ்வளவு ஆழத்தில் பாறையைக் குடைந்து எடுத்தால் மேலே உள்ள பாரம் தாங்காமல் எங்கோ ஓரிடத்தில் பாறை வெடிக்கும். அந்த வெடிப்பு ஊருக்கே கேட்கும், காலுக்கே தெரியும். எங்கள் லைன் வீட்டில் பலகை மேல் கவிழ்த்து வைத்த பித்தளைத் தம்ளர்கள் முதலில் கிணுகிணுக்கும். பாட்டி அடுப்பை விட்டு எழுந்து நிற்பாள். தாத்தா வீட்டில் இருக்கிற நாளென்றால் கையை உயர்த்தி எல்லோரையும் பேசவிடாமல் நிறுத்திவிட்டு, தம்ளர் எவ்வளவு நேரம் ஆடுகிறது என்று பார்ப்பார். "தூரத்தில்தான்" என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஷாஃப்டை நோக்கி ஓடுவார். அவர் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் மண்ணுக்கடியில் நடப்பதைத் தம்ளரைக் கேட்டே படித்தார்.

செவ்வாயில் செய்யப்போவதும் அதைத்தான். எங்கோ ஓரிடத்தில் அதிரும். அந்த அலை உள்ளே ஊடுருவி வரும்போது, எந்த ஆழத்தில் எந்தப் பொருளைக் கடக்கிறதோ அதற்கேற்ப வேகம் மாறும், வளையும். வந்து சேர்கிற அலையை வைத்து மேலோடு எவ்வளவு தடிமன், மையக்கரு எவ்வளவு பெரிது என்று கணக்கிடுவார்கள். 1976-இல் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களிலும் அதிர்வுமானி இருந்தது. ஒன்றில் கருவியின் பூட்டே திறக்கவில்லை. மற்றொன்று கலத்தின் மேல்தளத்திலேயே இருந்ததால் பெரும்பாலும் காற்று கலத்தை ஆட்டியதைத்தான் பதிவு செய்தது. அதனால்தான் இம்முறை ஓர் இயந்திரக் கை கருவியைத் தூக்கித் தரையில் வைத்து, அதன் மேல் காற்றுக்கும் வெயிலுக்கும் ஒரு மூடியையும் கவிழ்க்கப்போகிறது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய தவறை மறக்காமல் வைத்திருந்து திருத்துகிறார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

இந்தக் கலம் 2016 மார்ச்சிலேயே போயிருக்க வேண்டியது. பிரெஞ்சு விண்வெளி நிறுவனத்தின் பொறுப்பில் உருவான அந்த அதிர்வுமானியின் முக்கியமான உணரிகள் ஒரு டைட்டானியம் உருண்டைக்குள் இருக்கின்றன. உள்ளே வெற்றிடம் இருக்க வேண்டும். ஓர் அணுவின் அகலத்துக்குத் தரை அசைந்தாலும் சொல்ல வேண்டிய கருவி. உள்ளே கொஞ்சம் காற்று இருந்தால்கூடக் காது அடைத்துப்போகும். உருண்டையில் ஒரு கசிவு வந்தது, அடைத்தார்கள். 2015 டிசம்பரில் பூஜ்யத்துக்குக் கீழே 45 டிகிரி குளிரில் வைத்துச் சோதித்தபோது மறுபடியும் வெற்றிடம் நிற்கவில்லை. கலம் அதற்குள் ஏவுதளத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த நிலையில் நிறுத்தினார்கள். கலம் கொலராடோவுக்குத் திரும்பியது. பூமியும் செவ்வாயும் தோதாக வருவது 26 மாதத்துக்கு ஒருமுறைதான். அதனால் ஒரு கசிவுக்கு விலை இரண்டு ஆண்டுகளும், கூடுதலாகப் பதினைந்து கோடி டாலருக்கு மேலும்.

முப்பத்தொரு ஆண்டுகள் லீக் டெஸ்ட் பார்த்தவன் நான். வெல்டிங் முடிந்த பாத்திரத்தைப் பம்பில் மாட்டி உள்ளே உள்ள காற்றை எடுத்துவிட்டு, வெளியே தையல் நெடுக ஹீலியத்தை ஊசிமுனையாக விட்டுக்கொண்டே போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தாலும் ஹீலியம் உள்ளே நுழையும், கருவி கத்திவிடும். அவசரப்பட்டு ஊசியை நகர்த்தினால் கத்தாது. நீ சிறுமியாக இருந்தபோது என் கை மெதுவாக நகர்வதைப் பார்த்து, எறும்புக்குச் சோறு ஊட்டுகிறாயா அப்பா என்று கேட்டாய்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1998 மார்ச் கடைசி வாரம். மிகக் குளிர்ந்த திரவம் வைக்கிற பாத்திரங்கள் பதினொன்று. சாதாரண வெப்பத்தில் எல்லாமே தேறின. குளிரவைத்தும் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் 31-ஆம் தேதிக்குள் சரக்கு போயாக வேண்டும் என்று முதலாளி நின்றார். நான் கையெழுத்துப் போட்டேன். ஏழு திரும்பி வந்தன. வெல்டிங்கில் மயிரிழை விரிசல். சூட்டில் மூடிக்கொண்டிருந்தது, குளிரில் உலோகம் சுருங்கியதும் வாய் திறந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்தப் பதினொன்றின் காகிதத்திலும் என் பெயர் இருந்தது. அதன் பிறகு ஓய்வு பெறும் நாள் வரை குளிரில் வைக்காத எதற்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

அப்படிப்பட்ட நான், ஜனவரியில் உன்னிடம் என்ன சொன்னேன்? குளிரில் அளவி தவறாகக் காட்டியிருக்கிறது, இரண்டு குளிர்காலத்து மண் அளவுகளும் பயன்படாது, திரும்ப எடுக்க வேண்டும் என்று நீ சொன்னாய். உன் குரல் தழுதழுத்தது. நான் "அவ்வளவு நுணுக்கமாக யார் பார்க்கப்போகிறார்கள், இருப்பதை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வா" என்றேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அன்று இரவு தூக்கம் வரவில்லை. முதலாளி என்னிடம் நின்ற இடத்தில் நான் உன்னிடம் நின்றிருக்கிறேன்.

காரணம் சொல்கிறேன், நியாயம் என்று சொல்லவில்லை. அம்மா உன்னைப் பார்த்து மூன்று ஆண்டு ஆகிறது. உன் அறைக் கதவை மாதம் ஒருமுறை திறந்து, பெருக்கி, மூடுகிறாள். இன்னும் இரண்டு ஆண்டு என்றதும் எனக்கு அந்தக் கதவுதான் கண்ணில் பட்டது. உன் வேலை படவில்லை. தப்பு என்னுடையது, பாப்பா. அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மழை தொடங்கிவிட்டது. பிள்ளைகள் படியேறி வருகிற சத்தம் கேட்கிறது. மீதியை இரவு எழுதுகிறேன்.

இரவு 8.40

போய்விட்டது! முதல் நாளிலேயே, குறித்த நேரத்துக்குச் சரியாக.

ஆனால் ஒன்றும் தெரியவில்லை. வாண்டன்பர்க்கில் அடர்ந்த மூடுபனி. கிரகங்களுக்குப் போகும் அமெரிக்கக் கலங்கள் வழக்கமாக ஃபுளோரிடாவிலிருந்துதான் புறப்படும். மேற்குக் கரையிலிருந்து இதுவே முதல். அந்த முதலைப் பனி மூடிக்கொண்டது. எண்ணிக்கை முடிந்தது, திரையில் வெளிச்சம் பரவியது, அப்புறம் இடி போல் சத்தம் மட்டும். சின்னவன் "ராக்கெட் எங்கே தாத்தா?" என்று அழுகிற நிலைக்குப் போய்விட்டான். நான் சத்தத்தைக் கூட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னேன். மூவரும் மூடினார்கள். நண்பரும் மூடினார். அம்மா சுண்டல் கிண்ணத்தோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தெருவில் கன்னடத்தில் ஓட்டுக் கேட்கிற ஆட்டோ, மேலே மழை, நடுவில் அட்லஸ் ராக்கெட்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கலம் ராக்கெட்டிலிருந்து பிரிந்தது என்று அறிவித்தபோது நண்பரும் நானும் மட்டும்தான் இருந்தோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். 2014-இல் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய காலையிலும் இப்படித்தான் பிடித்தார். அதை இயக்கிய கட்டுப்பாட்டு அறை எங்கள் பட்டறை இருந்த அதே பீன்யாவில் என்பதில் அவருக்கு இன்றும் தீராத பெருமிதம்.

இன்னொன்று. 2015-இல், இந்தக் கலத்தோடு செவ்வாய்க்கு நம் பெயரைச் சில்லில் பதித்து அனுப்பலாம் என்றபோது உன் பெயரை அனுப்பினேன். பயணம் தள்ளிப்போனதால் 2017-இல் மறுபடி பெயர் கேட்டார்கள், இரண்டாவது சில்லு ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் அம்மா பெயரும் என் பெயரும் போயிருக்கின்றன. அந்தக் கசிவு மட்டும் இல்லையென்றால் நீ தனியாகத்தான் போயிருப்பாய்.

அம்மாவிடம் பேசிவிட்டேன். அழுதாள், பிறகு அவளே நாள்காட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். உனக்கு விடுமுறை எடுக்க முடியாவிட்டால் அடுத்த கோடையில் நாங்கள் இருவரும் வருகிறோம். சேமிப்பில் டிக்கெட்டுக்கு இருக்கிறது, நீ அதைப் பற்றி யோசிக்காதே. நவம்பர் 26-இல் தரையிறங்குகிறது. உனக்கு அது இரவு, எங்களுக்கு நள்ளிரவு தாண்டிவிடும். விழித்திருப்போம்.

வேண்டிய குளிர்காலங்களை எடுத்துக்கொள். புது அளவியை எத்தனை டிகிரிக் குளிரில் வைத்துச் சோதிக்கிறார்கள், எவ்வளவு நேரம் வைக்கிறார்கள் என்று மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா