செயலாளரின் ஆண்டறிக்கை: விண்மீன்களின் நெருக்கம் பற்றிய ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுச்சபை உறுப்பினர்களே,

எமது வானியல் ஆர்வலர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டங்கள் இவ்வாண்டும் தடையின்றி நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆண்டு முழுவதும் எம்மைப் பிடித்துவைத்திருந்த ஒரு கேள்வியைப் பற்றியே நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கார்த்திகைக் கூட்டம் எனப்படும் விண்மீன் திரளில் விண்மீன்கள் எமது சூரியனின் அயலைவிட ஆயிரம் மடங்கு நெருக்கமாக உள்ளன என்று சென்ற ஆண்டறிக்கையில் எழுதியிருந்தேன். உயர்தர மாணவி ஒருவர் எழுந்து, அதைக் கணக்கிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்திருக்கவில்லை. மாரி மழை விட்டு, தை மாதத்தில் வானம் தெளிந்த பிறகு, அவரும் நாங்களும் சேர்ந்து கணக்கிட்டோம். ஏறத்தாழ 444 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அக்கூட்டத்தில், 43 ஒளியாண்டு ஆரையுள்ள கோளத்துக்குள் சுமார் 1000 விண்மீன்களே அடங்குகின்றன. சூரியனைச் சுற்றி அதேயளவு இடத்தை எடுத்தால், ஆயிரம் கன ஒளியாண்டுக்கு நான்கு விண்மீன்கள் என்ற கணக்கில், அங்கும் ஆயிரத்துக்கு மேல் உண்டு! நடுப்பகுதியில் நெருக்கம் கூடுதல்தான். ஆனால் அது எமக்கு அடர்த்தியாகத் தோன்றுவதற்கு முதற்காரணம் அதன் இளம் நீல விண்மீன்களின் பேரொளி. எமது அயலவர்களில் பெரும்பாலானவை மங்கலான சிறிய சிவப்பு விண்மீன்கள், சூரியனுக்கு மிக அருகே 4.24 ஒளியாண்டில் இருக்கும் விண்மீனான புரொக்சிமா செண்டோரிகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

உண்மையான நெருக்கத்தைச் சித்திரை அமாவாசையை ஒட்டிய இரவில் இரணைமடுக் குளக்கட்டிலிருந்து கண்டோம். தெற்கே, நீர்ப்பரப்புக்கு மேலே, ஒமேகா செண்டோரி என்னும் விண்மீன் திரள் புகைபடிந்த ஒரு விண்மீன்போல் நின்றது. பைனாகுலரில் அது சிந்திய அரிசிமாவைப்போல் வட்டமாக விரிந்தது. 1677இல் வானியலாளர் எட்மண்ட் ஹேலி சென். ஹெலினாத் தீவிலிருந்து அது தனி விண்மீன் அல்ல என்று கண்டார். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு கோடியளவு விண்மீன்கள் அங்கே திரண்டிருக்கின்றன. அதன் மையத்தில் இரு விண்மீன்களுக்கு இடையிலான சராசரித் தூரம் ஒளியாண்டின் பத்திலொரு பங்களவே. தூரம் பத்து மடங்கு குறைந்தால் அதே இடத்துக்குள் ஆயிரம் மடங்கு விண்மீன்கள் கொள்ளும் என்பதை நினைக்க, அந்த மாப்பொட்டை விட்டுக் கண்ணை எடுக்க எவருக்கும் மனம் வரவில்லை.

சிறுவர்களுக்காக ஓர் அளவுத்திட்டமும் வகுத்தோம். சூரியனை ஒரு கடுகாக்கி மாங்குளம் சந்தியில் வைத்தால், அடுத்த கடுகை முல்லைத்தீவுக் கடற்கரையில், நேர்கோட்டில் சுமார் 43 கிலோமீற்றருக்கு அப்பால் வைக்க வேண்டும். ஒமேகா செண்டோரியின் மையத்திலோ அடுத்த கடுகு ஒரு கிலோமீற்றரில் கிடைத்துவிடும். அதாவது தூரம் நாற்பது மடங்களவு குறைகிறது, நெருக்கம் பல்லாயிரம் மடங்கு கூடுகிறது. அங்கும் கடுகுகள் ஒன்றோடொன்று முட்டுவதில்லை.

ஆகவே, சென்ற ஆண்டறிக்கையில் "கார்த்திகைக் கூட்டம்" என்று வரும் இடத்தை "ஒமேகா செண்டோரியின் மையம்" என்றும், "ஆயிரம் மடங்கு" என்பதைப் "பல்லாயிரம் மடங்கு" என்றும் திருத்திப் பதிவுசெய்யுமாறு பொதுச்சபையைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்