மேலத்தெரு ஆச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

சபைக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு இதை எழுதுகிறேன். நடந்தது என்னவென்று நம் சபையாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வாலிபர் சங்கம் கேட்ட இரண்டும் கிடைத்துவிட்டன. காணிக்கைக் கணக்கு இனி மாதந்தோறும் அறிவிப்புப் பலகைக்கு வரும். சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் பெண்களும் உட்காருவார்கள். கர்த்தருக்கே மகிமை.

முதல் நன்றி மேலத்தெரு ஆச்சிக்கு. வாலிபர்கள் ஆலய வளாகத்தில் கூடக்கூடாது என்று சொல்லப்பட்ட அன்று சாயங்காலம், வேதாகமமும் கீர்த்தனைப் புத்தகமுமாகத் தெருவில் விழித்துக்கொண்டு நின்றோம். ஆச்சி வீட்டு முற்றத்தில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பாயோடு சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, "உள்ளே வந்து உட்காருங்கள்" என்றார். அவருடைய மகனே கமிட்டியில் எங்களுக்கு எதிர்ப்பக்கம். தயங்கித் தயங்கி அதைச் சொன்னோம். "அவன் கமிட்டி அவனுக்கு, என் முற்றம் எனக்கு" என்று பேச்சை முடித்துவிட்டார். அன்றைய ஜெபத்தில் ஆளாளுக்குத் தும்மினோம். மிளகாய் நெடி லேசில் போகுமா? ஆமென் வருவதற்குள் இரண்டு பேர் எழுந்து ஓட, ஆச்சிக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு எல்லாக் கூட்டமும் அங்கேதான். எங்கள் கோரிக்கையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கீர்த்தனையை ஓட்டமாகப் பாடினால் மட்டும் நிறுத்தி, தொடையில் தாளம் தட்டித் திருத்துவார். இந்தச் சபையே வேண்டாம், வேறு ஜெபவீடு பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் போகாமல் நின்றது அந்த முற்றத்தால்தான்.

கையெழுத்துப் போட்ட பெண்கள் ஐக்கிய சங்கத்தார், பழைய சட்டதிட்டப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கித் தந்த ஓய்வுபெற்ற சார், சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்த அண்ணன்மார், அக்காமார், கூட்டத்தைப் பொறுமையாக நடத்திய நம் சபைக் குருவானவர் ஐயரவர்கள், எல்லோருக்கும் நன்றி.

"சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டவர்கள் மேல் வருத்தம் இல்லை, கொஞ்சம் உண்டு. வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா, 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்க முன்நின்றபோது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. அவர் பெயரைப் பெருமையாகச் சொல்கிறோம், வயதை மட்டும் விழுங்கிவிடுகிறோம். நம் தென்னிந்தியத் திருச்சபை 2013-இல் ஒரு பெண்ணையே பேராயராக அபிஷேகம் செய்தது. நம் ஊரில் ஒரு கமிட்டி நாற்காலிக்கு இத்தனை பாடு!

பலகையில் முதல் கணக்கு ஏறும் நாளில் வாலிபர் சங்கக் கணக்கையும் ரசீதுகளோடு பக்கத்திலேயே ஒட்டுவோம். யாரும் கேட்கும்வரை காத்திருக்க மாட்டோம். சபையார் கூடிச் சாப்பிடும் அசனத்துக்கு வெங்காயம் உரிக்க ஆள் குறைகிறது என்று மூப்பர் ஒருவர் இன்று வாசலில் சொன்னார். வருகிறோம். அரிவாள்மனைகளை மட்டும் நீங்கள் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர், வாலிபர் ஐக்கிய சங்கம்