தமிழகக் கட்சித் தலைவர்களுக்கு: உங்கள் பொறுப்பாளரின் பேச்சுக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். எந்தக் கட்சி என்று சொல்லாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சென்ற மாதம் எங்கள் தெருக் குழாயில் சாக்கடை கலந்து தண்ணீர் வந்தது. பிடித்து வைத்த குடத்தைப் படமெடுத்து முகநூலில் போட்டேன். மாநிலப் பொறுப்பில் இருக்கும் ஒருவர் அதை எடுத்துப் பகிர்ந்தார். தண்ணீரைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் முகப்புப் படத்தைப் போட்டு, "இந்தம்மா வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று யாராவது விசாரியுங்கள்" என்று ஒரே ஒரு வரி. என் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ராத்திரிக்குள் அந்த வரிக்குக் கீழே நானூறுக்கு மேல் கமெண்ட். அவற்றை இங்கே எழுத முடியாது. பத்தாவது படிக்கும் என் மகள் எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. காலையில் என் போனை வாங்கி, அவள் பரிசு வாங்கிய அன்று நாங்கள் இருவரும் எடுத்த படத்தை நீக்கிவிட்டு, ஒரு செம்பருத்திப் பூவை வைத்தாள்.

கட்சித் தலைமைக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். "அது அவருடைய சொந்தக் கருத்து" என்று போனில் பதில் வந்தது. சொந்தக் கருத்து என்றால் அவர் பெயருக்குக் கீழே கட்சிப் பொறுப்பும் கொடியும் எதற்கு?

போலீசுக்குப் போ என்கிறார்கள். 2018-இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகர், படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அந்த வழக்கில் தண்டனை வர 2024 ஆனது. அத்தனை காலத்தில் என் மகள் கல்லூரியே முடித்துவிடுவாள். புதிய சட்டமும் நான் கேட்கவில்லை. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது நல்லதுதான். அப்படி ஒரு சட்டம் திரும்ப வந்தால், குழாய்த் தண்ணீரைப் பற்றி எழுதுகிற என்னைப் போன்றவர்கள்தான் முதலில் மாட்டுவோம்.

நான் கேட்பது ஒன்றே. உங்கள் பொறுப்பாளர்கள் சமூக ஊடகத்தில் எதைப் பேசக் கூடாது, பேசினால் பொறுப்பு போகும் என்று எழுதி வெளியிடுங்கள். 2023 ஜனவரியில், அமைச்சர்களின் பேச்சு பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி நாகரத்னா தம் தனித் தீர்ப்பில் இதைத்தான் சொன்னார்: அவர்கள் பேச்சைக் கட்டுப்படுத்த வேண்டியது கட்சிகள், அதற்கு நடத்தை விதி வகுக்கலாம் என்று. தேர்தல் நடத்தை விதியிலும் சொந்த வாழ்க்கையை இழுக்கக் கூடாது என்று இருக்கிறது. தேர்தல் முடிந்தால் அதுவும் முடிந்துவிடுகிறது.

உங்களால் முடியாததும் இல்லை. 2025 ஏப்ரலில் அப்போது தி.மு.க. அமைச்சராக இருந்த பொன்முடி பெண்களை இழிவுபடுத்திப் பேசிய பேச்சு பரவியது, அதே கட்சியின் கனிமொழியே வெளிப்படையாகக் கண்டித்தார், துணைப் பொதுச் செயலாளர் பதவி போனது. ஊரே பார்த்தால் நடவடிக்கை, கேட்க நாதியில்லாத ஒருத்தி என்றால் சொந்தக் கருத்தா? உங்கள் கட்சிப் பெண்ணை எதிர்க்கட்சிக்காரர் பேசினால் உருவபொம்மை எரிக்கிறீர்கள். அதே வார்த்தையை உங்கள் ஆள் பேசினால் வாய் தவறிவிட்டது, அட்மின் போட்டுவிட்டார். இது எந்த ஊர் நியாயம்?

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். ஒரு பக்கத்தில் அந்த விதிகளை எழுதி வெளியிடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், எங்கள் தெருக் குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். இரவு பதினொரு மணி வரை பள்ளத்தில் இறங்கி வேலை பார்த்த ஊழியர்களுக்கு நன்றி சொல்லி ஒரு பதிவு எழுதி வைத்திருக்கிறேன். போட வேண்டாம் அம்மா என்கிறாள் மகள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர் ஒருத்தி