மலைக்குக் கீழே இருப்பவர்களும் அண்டைவீட்டார்தான்

மலைச்சரிவுத் திட்டங்களுக்கு அனுமதி வழங்கும் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எங்கள் தாமானின், அதாவது குடியிருப்பின், பெயரை இங்கே எழுதவில்லை. எழுதவும் தேவையில்லை, பதினொரு மாதங்களில் நாங்கள் கொடுத்த நான்கு கடிதங்களும் உங்கள் கோப்பில் இருக்கின்றன. பினாங்குத் தீவில் மலை முடிந்து கடல் தொடங்குவதற்குள் இருக்கும் கொஞ்ச இடத்தில் இரண்டு வரிசை வீடுகள். எங்களுக்குப் பின்னால் மலையில் எழும்பப்போகும் பதினெட்டுச் சொகுசு வீடுகளைப் பற்றித்தான் இந்த ஐந்தாவது கடிதமும். பாதையை வெட்டி முடித்துவிட்டார்கள். வீடுகளுக்கான அனுமதி உங்கள் மேசையில் இருக்கிறது.

போன வாரம் வந்த பதில்தான் இதை ஊரறிய எழுதவைத்தது. ஆட்சேபம் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையாம். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி அண்டை நிலத்துக்காரருக்குத்தான் அறிவிப்புப் போகும். அவர்தான் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். நடுவில் சாலையோ கால்வாயோ ஒதுக்கு நிலமோ இருந்தால் அதன் அகலம் 20 மீட்டரைத் தாண்டக்கூடாது. எங்களுக்கும் அந்த மனைக்கும் நடுவில் கிடக்கும் ஒதுக்கு நிலம் 30 மீட்டர். ஆகவே நாங்கள் அண்டைவீட்டார் இல்லை.

சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கும் மண்ணுக்கு இந்தப் பிரிவை யார் வாசித்துக் காட்டப்போகிறார்கள்?

என் அம்மாவின் கட்டிலைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய விஷயம் இல்லை, ஆனால் கேளுங்கள்.

அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. முப்பது வருஷமாக அவர் படுத்தது பின் அறையில். சன்னலைத் திறந்தால் மலை. மழை பெய்தால் இலைகளில் விழும் சத்தம் கேட்கும், அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். மேலே பாதை வெட்டிய வருஷம், ஐப்பசி பிறந்த நாலாம் நாள் ராத்திரி, பின்பக்கத்துக் கால்வாய் நிரம்பிச் செம்மண் தண்ணீர் சமையலறைக்குள் வந்தது. கணுக்கால் உயரம்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலையில் கூட்டித் தள்ளியபோது தண்ணீரோடு வந்தது மணல் இல்லை, உள்ளங்கை அளவுக் கற்கள். அன்றைக்கே கட்டிலைக் கழற்றி முன் கூடத்தில் போட்டோம். சாப்பாட்டு மேசை வாசலுக்குப் போனது.

கழிவறை மட்டும் பின்பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் கழற்றிக் கொண்டுவர முடியாது. இடுப்பு எலும்பு முறிந்து தேறியவர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு இருட்டில் அவ்வளவு தூரம் போக வேண்டும், அதுவும் மலையை நோக்கி. அதனால் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார், எங்களிடம் சொல்லவில்லை. சாயங்காலம் மலைமேல் மேகம் இறங்கினால் அதற்கப்புறம் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். மருந்து விழுங்க ஒரு வாய், அவ்வளவுதான். மூத்திரத் தாரையில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. "ஏம்மா இப்படி?" என்று கேட்டேன். "ராத்திரி பின்னால போக பயமா இருக்குப்பா. நீயும் காலையில வேலைக்குப் போறவன், உன்னை எத்தனை வாட்டி எழுப்புறது?" என்றார்.

அந்த வாரம்தான் வீட்டுக்கு வீடு ஒரு வண்ணத்தாள் வந்தது. மலையைத் தழுவி, கடலைப் பார்த்து, பதினெட்டு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி நீச்சல் குளம். எங்கள் தபால் பெட்டியிலும் போட்டிருந்தார்கள். ஆட்சேபம் கேட்கத்தான் நாங்கள் அண்டைவீட்டார் இல்லை. விளம்பரம் போட நாங்களும் அக்கம்பக்கம்தான் போலிருக்கிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. அந்தச் சரிவுக்குக் கீழே குடியிருப்பவர்களையும் அண்டைவீட்டாராக எண்ணுங்கள். சரிவு ஆய்வு அறிக்கையை எங்களுக்கும் காட்டி, எங்களையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு, அதாவது பழைய கணக்கில் 250 அடிக்கு மேலே இருந்தாலும், சரிவு 25 பாகைக்கு மேல் இருந்தாலும் அது மலைநிலம், அங்கே கட்டக்கூடாது என்பது இந்த மாநிலமே வகுத்த விதி. நல்ல விதி. வரைபடத்தைத் தூரத்திலிருந்து பார்த்த எங்களுக்குத் தெரிந்தது, கடைசி வரிசை வீடு 74 மீட்டரில் நிற்கிறது. மிச்சமிருக்கும் இரண்டு மீட்டரில்தான் எங்கள் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பச் சொல்கிறீர்கள். விதிக்குள் அடங்காதவற்றுக்கு ‘சிறப்புத் திட்டம்’ என்று ஒரு கதவும் திறந்திருக்கிறது. எங்கள் தெருமுனை விளக்கு எரிந்து இரண்டு வருஷமாகிறது. அதையும் சிறப்புத் திட்டமாக அறிவித்தால் சீக்கிரம் ஏற்றிவிடுவீர்களோ என்று பக்கத்து வீட்டு ஆண்ட்டி கேட்கிறார். மன்னிக்கவும், விளக்குக்குத் தனியாக மனு கொடுத்திருக்கிறோம்.

இந்தத் தீவின் மலை கருங்கல்தானே, அசையுமா என்று ஒரு அதிகாரி எங்களிடமே கேட்டார். கருங்கல்தான், ஆனால் அடியில். மேலே இருப்பது வெயிலிலும் மழையிலும் காலங்காலமாக மக்கிப்போன கல், அதாவது மண். நடுநடுவே உருண்டைப் பாறைகள். மரத்தின் வேர் பிடித்திருக்கும் வரை அது மலை. வேரை எடுத்து, சரிவின் காலை வெட்டிவிட்டால், விடாமல் பெய்யும் மழையில் உள்ளே தண்ணீர் ஊறி மண்ணின் பிடிமானம் விட்டுப்போகிறது. குளத்துக் குழாய் ஒன்று மண்ணுக்குள்ளே கசிந்தால் அதற்கு மழைகூட வேண்டாம். இதெல்லாம் என்னைவிட உங்கள் பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2017 அக்டோபர் 21, தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் சரிவு இறங்கி 11 பேர் போனார்கள். மாநில அரசே விசாரணை ஆணையம் அமைத்தது. அடுத்த வருஷம் அக்டோபர் 19, புக்கிட் குக்குஸில் சாலை வேலை நடந்த இடத்தில் 9 பேர். இரண்டு இடத்திலும் செத்தவர்கள் அங்கே வேலைக்கு வந்தவர்கள், பெரும்பாலும் கடல் கடந்து வந்த தொழிலாளர்கள். மலையில் வீடு கட்டினால் முதலில் மண்ணுக்குள் போகிறவன் அந்த வீட்டில் குடியிருக்கப்போகிறவன் இல்லை.

ஹைலண்ட் டவர்ஸையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1993 டிசம்பர் 11, உலு கிள்ளான், 48 உயிர். பின்பக்க மலையில் மரங்களை வெட்டினார்கள், ஓடையைக் குழாயில் திருப்பினார்கள்; தொடர் மழையில் சரிவு இறங்கிப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் சாய்ந்தது. மற்ற இரண்டு கட்டடங்களில் இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2006இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்ன முடிவில், 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் 95ஆம் பிரிவு அந்த வட்டாரத்து நகராண்மைக் கழகத்தை இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து காப்பாற்றியது. உங்களுக்கு 95ஆம் பிரிவு இருக்கிறது. சந்தோஷம். என் அம்மாவுக்கு எந்தப் பிரிவு?

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன். சொகுசு வீடே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. காசுள்ளவர் கடலைப் பார்த்துக் கண்விழிக்க ஆசைப்படுவது குற்றமா? மலையுச்சிப் பங்களாக்கள் பினாங்குக்குப் புதுசும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கின்றன. சரிவை வெட்டினால் அதைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் ஆள் யார் என்று முதலிலேயே தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஹாங்காங்கில் 1972 ஜூன் 18 அன்று போ ஷான் சாலைச் சரிவு இறங்கி 67 பேர் மாண்டார்கள். 1977இல் சரிவுகளைக் கண்காணிக்கவே தனி அலுவலகம் வைத்தார்கள். இன்றைக்கு அங்கே வெட்டிக் கட்டிய சரிவுகளுக்கு எண் உண்டு. அந்த எண்ணை வைத்து, பராமரிக்க வேண்டியவர் யார் என்று தெருவில் போகிறவரும் பார்த்துக்கொள்ளலாம். இங்கே எங்கள் தலைக்குமேல் இருக்கும் சரிவின் அறிக்கையைக் கேட்டால் ‘இரகசியம்’ என்று பதில் வருகிறது. வெட்டிய இடத்தில் நீலத் தார்ப்பாய் விரித்திருக்கிறார்கள். அதுதான் எங்களுக்குக் காட்டப்பட்ட ஒரே ஆவணம்.

ஆகவே மறுபடியும், பணிவோடுதான் கேட்கிறேன். கீழே இருப்பவர்களையும் அண்டைவீட்டாராக எண்ணுங்கள். அறிக்கையைக் காட்டுங்கள். எங்களைக் கேட்கும்வரை அனுமதியை நிறுத்திவையுங்கள். 20 மீட்டர் என்பது சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தும் எல்லை. அதற்கு அப்பால் இருப்பவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டால் வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

தளத்தைப் பார்க்க நீங்கள் வருவதாக இருந்தால், வெயில் அடிக்கும் காலைப் பொழுதில் மேலே போய் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மழை இருட்டும் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பின் அறை காலியாகத்தான் இருக்கிறது. நாலு நாற்காலி போடலாம்.

இப்படிக்கு,
30 மீட்டருக்கு அப்பால் குடியிருப்பவன்