எட்டு மணிக்கு மேல் முள் குத்தக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில்லறைக் காயத்துக்கெல்லாம் மக்கள் அவசரப் பிரிவில் வந்து குவிகிறார்கள் என்று சென்ற ஞாயிறு இதழில் எழுதியிருக்கிறீர்கள். குவிகிறோம்தான். வேறு எங்கே போகச் சொல்கிறீர்கள்?

நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 வரைதான். உங்களுக்குத் தெரியாததா? 2023-இல் ஒரே நாளில் 500 மையம் திறந்ததைக் கொட்டை எழுத்தில் போட்டவர்கள் ஆயிற்றே. கடலூர் முதுநகரில் நாங்கள் வலையிலிருந்து மீன் கழற்றுவது விடியற்காலையில். கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறினால் முழங்கை வரை கடுக்கும். பெரிய ஆம்பளையே அழுதுவிடுவான். பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்து, முள் உள்ளே முறிந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு டி.டி. ஊசி போட்டால் பெரும்பாலும் போதும். ஒரு நர்ஸ் செய்கிற வேலை. இதற்கு மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி வரை ஆட்டோ. அந்த நேரத்தில் அவர் கேட்டதுதான் கூலி. 108-ஐக் கூப்பிடலாமே என்பீர்கள். முள் குத்தியவன் அதில் ஏறிக்கொண்டால் நெஞ்சுவலிக்காரர் எதில் போவார்?

2011-இல் தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு நாங்களே ஓர் இரவுச் சிகிச்சை அறை நடத்தினோம். ஒரு தொண்டு நிறுவனம் கட்டில், நெபுலைசர், ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் கொடுத்தது. ரிப்பன் வெட்ட அவ்வளவு கூட்டம்! உங்கள் நிருபரும் வந்து டீ குடித்துவிட்டுப் போனார். நர்ஸ் சம்பளத்தை ஊர்வரியில் கொடுத்தோம். ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. கடலுக்குப் போகாதவன் என்ன வரி கட்டுவான்? சிலிண்டர் நிரப்பக்கூடக் காசில்லை. கட்டிலிலும் மிஷினிலும் நன்கொடையாளர் பெயர் எழுதலாம். மாதச் சம்பளத்தில் எங்கே எழுதுவது? அறையை மூடினோம். அதை நீங்கள் செய்தியாகப் போடவில்லை.

சரி, பழங்கதை போகட்டும். முதுநகர்ப் பக்கம் ஒரே ஒரு மையத்தையாவது ராத்திரியும் ஒரு நர்ஸை வைத்துத் திறந்திருக்கச் சொல்லி எழுதுங்கள். சம்பளம் மட்டும் மாநகராட்சி கொடுக்கட்டும். வெந்நீருக்கு கேஸ், ராத்திரித் துணைக்கு ஆள் எல்லாம் ஊரில் பார்த்துக்கொள்கிறோம். அதுவும் முடியாதென்றால் எந்த மையம் எத்தனை மணிக்குப் பூட்டுகிறது என்று அடுத்த வாரம் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய படகுக்காரர் ஒருவர்,
கடலூர் முதுநகர்